சாஃப்டை விட்டு வராத விசிறி: பழைய எலக்ட்ரோலக்ஸ் மோட்டாரைக் கழற்றுவது எப்படி?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் யார்டு சேல் ஒன்றில் பழைய எலக்ட்ரோலக்ஸ் சிலிண்டர் வேக்குவம் கிளீனர் கிடைத்திருக்கிறது. ரோமன் எண்ணில் முப்பது என்று மூன்று எக்ஸ் போட்ட மாடல். ஓட்டினால் உறுமுகிறது, பேரிங் போயிருக்கும் போல. மோட்டாரை வெளியே எடுத்து, மூடியைத் திறந்து, நட்டையும் கழற்றியாகிவிட்டது. இரண்டு விசிறிகளில் மேலே இருந்தது சுலபமாக வந்துவிட்டது, நடுவில் இருந்த அசையாத் தட்டும் வந்துவிட்டது. கீழே இருக்கும் இரண்டாவது விசிறி மட்டும் அசைய மறுக்கிறது. திருப்புளியை அடியில் விட்டு நெம்பியதில் விளிம்பு ஓரிடத்தில் வளைந்துவிட்டது. இனி சாஃப்டின் தலையில் சுத்தியலால் தட்டிப் பார்க்கலாமா?

தட்ட வேண்டாம். திருப்புளியையும் கொஞ்ச நேரம் கீழே வையுங்கள்.

நான் மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் தொழில் பழகியவன். முதல் வருஷமே இதே போன்ற ஒரு விசிறியைச் சுத்தியலால் அடித்துக் கழற்றினேன். விசிறி வந்துவிட்டது, எனக்கு ஒரே பெருமை. மாட்டி ஓட்டியபோது மோட்டார் மேஜை மேலேயே நடக்க ஆரம்பித்தது. சாஃப்ட் வளைந்திருந்தது, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. பட்டறைக்காரர் அதிகம் திட்டவில்லை. "ஒரு பேரிங்கைக் காப்பாத்தப் போயி ஆர்மேச்சரைக் கொன்னுட்ட" என்று மட்டும் சொன்னார். ஆர்மேச்சர் என்றால் சாஃப்டோடு சேர்ந்து சுற்றும் காயில் பகுதி. அன்றிலிருந்து எதைக் கழற்றினாலும் முதலில் ஒரு கணக்குப் போடுவேன்: இதில் கடையில் கிடைப்பது எது, கிடைக்காதது எது?

உங்கள் மோட்டாரில் நட்டு, வாஷர், பேரிங், கார்பன் (சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) எல்லாமே எப்படியாவது கிடைத்துவிடும். பேரிங்கின் உள் விட்டம், வெளி விட்டம், அகலம் மூன்றையும் அளந்தால் இன்றைய பேரிங் ஒன்று பொருந்தும். கார்பன் சற்றுப் பெரிதாகக் கிடைத்தாலும் உப்புத்தாளில் தேய்த்துச் சேர்த்துக்கொள்ளலாம். விசிறியும் ஆர்மேச்சரும் அப்படியல்ல. இந்த மாடல் அமெரிக்க வடிவமைப்பாளர் லுரெல் கில்ட் வடிவமைத்து 1937-இல் வந்தது. அதற்கான புது விசிறியை இன்று யாரும் செய்து விற்பதில்லை. செத்துப்போன இன்னொரு மெஷினிலிருந்து பிடுங்கினால்தான் உண்டு. ஆகவே பலம் போட வேண்டி வந்தால் அது நட்டின் மேலோ பேரிங்கின் மேலோ விழட்டும். விசிறியின் விளிம்பில் விழக் கூடாது, சாஃப்டை வளைக்கவும் கூடாது.

இனி, அது ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்போம். பலர் நினைப்பதுபோல இந்த மாதிரி விசிறிகளை அழுத்தி இறுக்கமாக ஏற்றியிருக்க மாட்டார்கள். சாஃப்டில் ஒரு படி இருக்கும். அதன் மேல் கீழ் விசிறி, பிறகு ஒரு குழல், பிறகு மேல் விசிறி, வாஷர், நட்டு. நட்டு இறுக்கும் இறுக்கில்தான் மொத்த அடுக்கும் சுற்றுகிறது. புதிதாக இருந்தபோது கீழ் விசிறியும் கையால் தள்ளினால் இறங்குகிற மாதிரிதான் இருந்திருக்கும். நடுவில் எண்பது வருஷம் ஓடிவிட்டது. அலுமினியக் குடமும் (சாஃப்டைச் சூழ்ந்திருக்கும் விசிறியின் நடுப்பகுதி) இரும்புச் சாஃப்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் ஈரம் புகுந்துவிட்டால் அலுமினியம்தான் அரிக்கும். அரித்த அலுமினியம் வெள்ளைத் தூளாகி, முன்பிருந்ததைவிட அதிக இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரும்பின் பங்குக்குத் துரு. இரண்டும் சேர்ந்து சாஃப்டுக்கும் குடத்துக்கும் இடையில் ஆப்பு அடித்ததுபோல உட்கார்ந்துவிடுகின்றன. ஈரத்தரையில் யாராவது ஒருமுறை ஓட்டியிருந்தால்கூடப் போதும்.

இது தெரிந்தால் வேலையின் வரிசையும் தெரிந்துவிடும். முதலில் அந்தத் தூளை இளக்க வேண்டும், பிறகு குடத்தைச் சற்று விரிய வைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் இழுக்க வேண்டும். எல்லோரும் மூன்றாவதில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

தொடங்குமுன் சில சின்ன வேலைகள் இருக்கின்றன. பிளக்கைப் பிடுங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். ரேடியோ இரைச்சலைக் குறைக்கப் பழைய கன்டென்சர் ஏதாவது இருந்தால், அதன் இரண்டு முனைகளையும் ஒரு ரெசிஸ்டர் வழியாகத் தொடுத்து வடித்துவிடுங்கள். கார்பன் இரண்டையும் இப்போதே வெளியே எடுத்து, எது எந்தப் பக்கம், எந்த முகம் மேலே என்று குறித்து வையுங்கள். ஆர்மேச்சர் சற்று நகர்ந்தாலே கார்பன் உடையும். உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள். யார் வீட்டுத் தூசியோ, எந்தக் காலத்துத் தூசியோ. முகக்கவசம் போட்டு, ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். கழற்றிய வாஷர்களை ஒரு கம்பியில் கோத்துக் கழற்றிய வரிசையிலேயே தொங்கவிடுங்கள். போட்டோ எடுத்திருந்தாலும் கோத்து வையுங்கள், வாஷரின் தடிமன் போட்டோவில் தெரியாது.

குடத்தை ஒரு லென்ஸ் வைத்தும் பாருங்கள். பக்கவாட்டில் சின்ன திருகு ஏதாவது அழுக்குக்குள் ஒளிந்திருக்கிறதா? சாஃப்டில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கிறதா? சில கம்பெனிகள் அப்படிச் செய்திருக்கின்றன. திருகு இருப்பது தெரியாமல் இரண்டு நாள் மல்லுக்கட்டியவர்கள் உண்டு. அந்த வரிசையில் நானும் இருக்கிறேன்.

சரி, எண்ணெய். துரு இளக்கும் எண்ணெய் எதுவானாலும் பரவாயில்லை. டபிள்யூடி-40 மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் அதையும் விடலாம். அது முதலில் ஈரத்தை விரட்டுவதற்காக வந்த சரக்கு, துருவுக்குள் ஊடுருவுவதில் கொஞ்சம் மெத்தனம். காரின் தானியங்கி கியர் எண்ணெயும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலப்பது பட்டறைகளில் பழைய வழக்கம், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அசிட்டோன் காயிலின் வார்னிஷைக் கரைத்துவிடும், சட்டென்று தீயும் பிடிக்கும். பழைய மோட்டாருக்கு அருகில் அதைக் கொண்டுபோகவே எனக்கு மனம் வராது. பிரேக் எண்ணெயும் வேண்டாம்.

எண்ணெய் என்ன என்பதைவிட அது எங்கே நிற்கிறது என்பதுதான் பெரிய விஷயம். மோட்டாரை நிமிர்த்தி வைத்து ஸ்பிரே அடித்தால் முக்கால்வாசி பேரிங் வழியாக இறங்கிக் காயிலில் போய்ச் சேரும். அதற்கு ஒரு சமையலறை வைத்தியம் இருக்கிறது. சப்பாத்தி மாவைக் கெட்டியாகப் பிசைந்து, சாஃப்டைச் சுற்றிக் குடத்தின் மேல் ஒரு சின்னக் கிணறு கட்டுங்கள். அதற்குள் நாலைந்து சொட்டு எண்ணெய் விட்டால் அது சாஃப்டும் குடமும் சேரும் கோட்டில் தேங்கி நின்று மெதுவாக உள்ளே இறங்கும். விசிறிக்கு அடியில் பேரிங்கைச் சுற்றிப் பஞ்சு வையுங்கள். ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் ஒரு மரக்கட்டையை குடத்தின் மேல் வைத்து, சாவியால் கதவைத் தட்டுகிற அளவுக்கு இருபது முப்பது தட்டு. இது அடிப்பது அல்ல, அதிர வைப்பது. மறுபடி எண்ணெய், மறுபடி ஒரு ராத்திரி. மூன்று நாள் இப்படிப் போனாலும் பரவாயில்லை. எண்பது வருஷம் காத்திருந்த விசிறி அது.

சாஃப்டில் தட்டைப் பகுதி இல்லை என்று உறுதியானால், இழுப்பதற்கு முன் திருக்கிப் பாருங்கள். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு விசிறியின் முழு வட்டத்தையும் இரண்டு கையாலும் பிடித்து, இன்னொருவர் ஆர்மேச்சரைப் பிடித்துக்கொள்ள, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெதுவாக அசையுங்கள். ஆர்மேச்சரைப் பிடிப்பவர் நடுவில் இருக்கும் இரும்புத் தகட்டு அடுக்கைத்தான் பிடிக்க வேண்டும், அதுவும் பழைய சைக்கிள் டியூப் சுற்றி. கார்பன் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரில் குறடு படவே கூடாது. காயில் கம்பிகளுக்கு நடுவில் திருப்புளியைச் செருகி நிறுத்துவது வீடியோக்களில் அடிக்கடி தென்படுகிற பாவம். அரை டிகிரி அசைந்தாலே போதும், ஆப்பு உடைந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அது வந்துவிடும்.

அசையவில்லையா? அடுத்தது சூடு. அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு அலுமினியம் சுமார் 23 மைக்ரான் நீளும் என்றால் இரும்பு 12 மைக்ரான்தான். 8 மில்லிமீட்டர் சாஃப்ட் என்று வைத்துக்கொண்டு இரண்டையும் 100 டிகிரி சூடேற்றினால், குடத்தின் துளை சாஃப்டைவிட 9 மைக்ரான் அளவுக்கு அதிகமாக விரியும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு. கேட்க ஒன்றுமில்லாததுபோல இருக்கும், ஆனால் துருப்படிவத்தின் பிடி விட அது தாராளம். குடம் மட்டும் சூடாகி சாஃப்ட் ஆறியே இருந்தால் பலன் இன்னும் கூடும். அதனால் பெரிய தீயில் நெடுநேரம் வாட்டுவதைவிட, வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் குடத்தை மட்டும் குறிவைத்து விரைவாகச் சூடேற்றுவதே மேல். விசிறியின் மற்ற பகுதிக்கு மேல் அலுமினியத் தாளில் நடுவே ஓட்டை போட்டு மூடிவிடுங்கள். எண்ணெயை முதலில் நன்றாகத் துடைத்தெடுத்துவிட வேண்டும். விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தெறித்தால் குடத்தின் மேல் சுர்ரென்று ஆவியாக வேண்டும், அந்தச் சூடு போதும்.

கேஸ் டார்ச் வேண்டாம். அலுமினியம் இரும்பைப்போலச் சிவந்து எச்சரிக்கை தராது. பகல் வெளிச்சத்தில் நிறம் மாறாமல் இருந்துவிட்டு 660 டிகிரியில் அப்படியே தொங்கிவிடும். அதற்கு எவ்வளவோ முன்பே மெல்லிய இதழ்களின் விறைப்பு இளகிப்போகும். கீழே இருக்கும் பேரிங்கின் கிரீஸ் உருகி வழியும், அதைப் பற்றிக் கவலையில்லை, பேரிங்கை எப்படியும் மாற்றப் போகிறீர்கள். காயிலின் பழைய வார்னிஷைப் பற்றித்தான் கவலை.

இனி இழுப்பது. உங்களுக்கு இடம் போதாததுதான் சிக்கல். கீழ் விசிறிக்கும் மோட்டாரின் தட்டுக்கும் நடுவில் மூன்று நான்கு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். சந்தையில் கிடைக்கும் இரண்டு கால் புல்லரின் (இழுத்துக் கழற்றும் கருவி) கொக்கி அதற்குள் போகாது. போகாதபோது மக்கள் கொக்கியை விளிம்பில் மாட்டிவிடுகிறார்கள். விளிம்பில் மாட்டி இழுத்த விசிறி, காற்றில் மடங்கிய குடைபோல ஆகிவிடும். அப்படி ஒன்று என் மேஜையில் இன்னும் பேனா வைக்கும் கிண்ணமாக இருக்கிறது.

அதற்கு இப்படிச் செய்யுங்கள். 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில், விசிறியைவிடச் சற்று அகலமாக ஒரு செவ்வகம் வெட்டுங்கள். ஒரு பக்கத்திலிருந்து நடு வரைக்கும் சாஃப்டின் விட்டத்தைவிட ஒரு மில்லிமீட்டர் அதிகமாக ஒரு வாய் அறுங்கள். அரத்தால் பிசிர் நீக்கிவிட்டு, அந்தத் தகட்டை விசிறிக்கு அடியில் நுழைத்து, வாய் சாஃப்டை அணைத்துக்கொள்ளும்படி தள்ளுங்கள். இப்போது விசிறியைத் தாங்குவது குடத்தைச் சுற்றிய பகுதி மட்டும். விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டின் இரண்டு முனைகளிலும் துளையிட்டு, நீளமான போல்ட் இரண்டை மேல்நோக்கி நிறுத்துங்கள். மேலே ஒரு தடித்த பட்டை, அதன் நடுவில் ஒரு திருகு, அந்தத் திருகு சாஃப்டின் நுனியை அழுத்தட்டும். அவ்வளவுதான் புல்லர். கடையில் வாங்கினால் பேரிங் பிரிக்கும் தட்டு என்று இதே சங்கதி கிடைக்கும், ஆனால் அது தடிமனாக இருப்பதால் இந்த இடுக்கில் நுழையாமல் போகலாம்.

இரண்டு விஷயங்களை மறக்க வேண்டாம். ஒன்று, நட்டை மறுபடி சாஃப்டில் ஏற்றி, அதன் முகமும் சாஃப்டின் நுனியும் சமமாக நிற்கும்படி விடுங்கள். அழுத்தத்தில் நுனி பிதுங்கினால் மறை (திருகின் புரி) கெடாமல் நட்டு காப்பாற்றும். இரண்டு, சாஃப்டின் நுனியில் கடைசலில் போட்ட சின்னக் குழி இருந்தால், அதில் ஒரு இரும்புக் குண்டு வைத்து அதன் மேல் திருகை இறக்குங்கள். பழைய பேரிங்கிலிருந்து எடுத்த குண்டு போதும். அழுத்தம் நேர்நடுவில் விழும், திருகும் சாஃப்டைச் சுரண்டாது.

திருகை இறுக்கும்போது ஒரேயடியாக இறுக்க வேண்டாம். நன்றாகப் பிடிப்பு வந்ததும் நிறுத்திவிட்டு, குடத்துக்குச் சூடு காட்டுங்கள். இறுக்கத்தில் இருக்கும் திருகும், விரியும் குடமும் சேர்ந்து வேலை செய்யும். ஒரு கட்டத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். முதல் தடவை கேட்கும்போது ஏதோ உடைந்துவிட்டது என்று வயிற்றைக் கலக்கும். உடைந்தது துருதான். பிறகு கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கினால் விசிறி ஏறி வரும்.

மோட்டாரின் உடலைத் தாங்கிக்கொண்டு சாஃப்டை அழுத்தும் பிழையை மட்டும் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் பலம் முழுக்கப் பேரிங் வழியாகப் பின்மூடிக்குப் போகிறது, விசிறிக்கு ஒன்றும் போவதில்லை. தாங்க வேண்டியது குடம், தள்ள வேண்டியது சாஃப்ட். இந்த இரண்டைத் தவிர வேறு எதன் மேலும் எடை இருக்கக் கூடாது.

இவ்வளவுக்கும் வரவில்லை என்றால் குடத்தைக் கீறிப் பிளப்பது ஒரு வழி. அறுக்கும் சக்கரத்தால் சாஃப்டுக்கு முடியளவு முன்னே நிறுத்திவிட்டு, உளியால் ஒரு திருக்கு. விசிறி போய்விடும். மாற்று விசிறி கையில் இல்லாமல் இதைச் செய்வது தற்கொலை. இந்த மாடல் ஏராளமாக விற்றது, ஓடாத மெஷின் ஒன்றை விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டு செய்தால் சரி. என் அனுபவத்தில் எண்ணெயும் சூடும் மூன்று நான்கு முறை மாறி மாறிக் காட்டினால் வராத விசிறி அபூர்வம்.

வளைந்த விளிம்பைப் பற்றி இப்போது. அதை நிமிர்த்துங்கள், ஆனால் ஒரே முயற்சியில். அலுமினியத்தை முன்னும் பின்னும் மடக்கினால் அந்த இடம் இறுகி விரிசல் விடும். இரண்டு மரக்கட்டைக்கு நடுவில் வைத்து வைஸில் மெதுவாக நெருக்குங்கள். பிறகு சாஃப்டில் மாட்டி, ஒரு பென்சில் நுனியை விளிம்புக்கு அருகே நிறுத்திவிட்டுக் கையால் சுழற்றிப் பாருங்கள். எங்கே தொடுகிறது, எங்கே விலகுகிறது என்று தெரிந்துவிடும். இதற்கு ஏன் இவ்வளவு அலட்டல் என்றால், நிமிடத்துக்கு 15,000 சுற்று ஓடும் ஒரு விசிறியில், மையத்திலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி ஒரே ஒரு கிராம் கூடுதலாக இருந்தால், அது சாஃப்டைச் சுமார் 12 கிலோ எடையின் பலத்தோடு வெளியே இழுக்கும். அதுவும் ஒவ்வொரு சுற்றிலும், ஒரு நொடிக்கு 250 முறை. நீங்கள் போடும் புதுப் பேரிங் அதைத் தாங்கி எத்தனை நாள் ஓடும்? இதழ்களுக்கு நடுவில் காய்ந்திருக்கும் அழுக்குக்கும் இதே கணக்குதான். முழுதாகக் கழுவுங்கள், பாதி கழுவிய விசிறி கழுவாததைவிட மோசம்.

திரும்ப மாட்டும்போது சாஃப்டை 400 எண் உப்புத்தாளால் நீளவாக்கில் தேயுங்கள். துருவைத் துடைத்தால் போதும், இரும்பைத் தேய்க்கக் கூடாது. மெல்லிய கிரீஸ் படலம் ஒன்று பூசுங்கள், அடுத்து கழற்றப் போகிறவர் உங்களை வாழ்த்துவார். வாஷர்களும் குழலும் ஒன்றோடொன்று உட்காரும் முகங்களில் மட்டும் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது, அந்த உராய்வுதான் விசிறியைச் சுற்றுகிறது.

நட்டு எந்தப் பக்கம் இறுகும் என்பதில் பலர் குழம்புகிறார்கள். நட்டுப் பக்கமிருந்து பார்க்கும்போது சாஃப்ட் கடிகாரம் சுற்றும் திசையில் ஓடினால் அங்கே பெரும்பாலும் இடது மறைதான் இருக்கும். மோட்டார் சட்டென்று கிளம்பும்போது நட்டு ஒரு கணம் பின்தங்கும், சாதாரண மறையாக இருந்தால் அந்தப் பின்தங்கலே அதைக் கழற்றிவிடும். எதிர்த்திசையில் ஓடினால் சாதாரண மறை. சந்தேகம் இருந்தால் சாஃப்டை நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள். மறையின் கோடுகள் வலப்பக்கம் ஏறினால் வலது மறை, இடப்பக்கம் ஏறினால் இடது மறை.

கடைசியாக ஒரு ஆபத்து. புதுப் பேரிங் போட்டதும் "விசிறி மாட்டுமுன் மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்துவிடலாம்" என்று கை துறுதுறுக்கும். இது சீரீஸ் மோட்டார், அதாவது ஆர்மேச்சரும் நிலையான காயிலும் தொடராக இணைந்தது. விசிறி என்ற சுமை இல்லாமல் முழு மின்சாரம் கொடுத்தால் வேகம் ஏறிக்கொண்டே போய், ஆர்மேச்சர் கம்பிகள் பிய்த்துக்கொண்டு வரும் நிலைக்குப் போகலாம். விசிறியும் மூடியும் மாட்டிய பிறகே ஓட்டுங்கள். அப்போதும் முதல் ஓட்டத்துக்கு 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மோட்டாரோடு தொடராக இணைத்து ஓட்டுங்கள், எல்இடி பல்பு இதற்கு உதவாது. வேரியாக் (வோல்ட்டை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) இருந்தால் இன்னும் நல்லது, 30 வோல்ட்டில் தொடங்கி மெதுவாக ஏற்றலாம். அதற்கும் முன்பு மின்கசிவு பார்க்கும் மெக்கர் மீட்டர் வைத்து காயிலுக்கும் உடலுக்கும் நடுவே பாருங்கள், ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் மோட்டாரை இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு மறுபடி பாருங்கள். வயரின் பழைய ரப்பர் விரலால் மடக்கினாலே உதிர்ந்தால், அதை மாற்றாமல் பிளக்கில் செருகவே வேண்டாம்.

தகடு வெட்ட அரம், ரம்பம் எதுவும் இல்லை என்றால் விசிறிக்கும் தட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியையும், சாஃப்டின் விட்டத்தையும் மில்லிமீட்டரில் அளந்து சொல்லுங்கள். அளவு போட்டுப் படம் வரைந்து தருகிறேன், பக்கத்தில் இருக்கும் வெல்டிங் பட்டறையில் காட்டினால் அரை மணி நேர வேலை.